இரண்டு அணு

சனிக்கிழமை நாலு மணி.
பராஓனா கரும்பாலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும்
எவரில்தோ வருவார்.
உட்காரும் முன்
தொப்பியைக் கழற்றி என் ஆணியில் மாட்டுவார்,
கடைசித் துருப்பை மேசையில் இறக்குகிறவர் போல.
அறுபத்து மூன்று வயது.
நெற்றியோரம் ஒரு வேர்கூடப் பின்வாங்கவில்லை.

எனக்கு இருபத்தாறில் தொடங்கியது.
தலையணை உறையில் முதலில்,
பிறகு குளியலறைச் சல்லடையில்,
பிறகு ஊர் வாயில்.
வழுக்கை நாவிதனிடம் யார் தலையைக் கொடுப்பார்?
கொடுத்தார்கள்.
ஆசை விட்டவன், கை நடுங்காது என்று நினைத்தார்கள்.
தப்பு.
எவரில்தோ தலையில் சீப்பை ஓட்டும்போதெல்லாம்
எனக்கு வயிறு எரியும்.

எதிர்க்கடையில் மருந்து விற்கும் சொபெய்தா
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
இது டெஸ்டோஸ்டிரோன்,
நான்கு வளையம் கைகோத்து நிற்கிறது.
ஒரு நொதி வருகிறது,
இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுவை
அதன் மடியில் வைத்துவிட்டுப் போகிறது.
அவ்வளவுதான்.
பெயர் மாறிவிடும், குணமும்.
தாடையில் போய் ‘வளர்’ என்று சொல்லும்.
உச்சந்தலைக்குப் போய்
அதே குரலில் ‘முடி’ என்று சொல்லும்,
முடித்துக்கொள் என்ற பொருளில்.

அப்போ பிடரி?

பிடரி செவிடு, என்றாள்.

வேர் செத்துப்போவதில்லையாம்.
ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் சிறுத்து
கயிறு நூலாகி
நூல் பஞ்சாகி
பச்சைக் குழந்தையின் தோளில் இருக்குமே, அந்தப் பூனைமயிராகி
அங்கேயேதான் இருக்குமாம்.
அன்றிரவு கண்ணாடி முன் விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
இருந்தார்கள்.
மூச்சுவிட்டால் அசைகிற அளவுக்கு.

எவரில்தோவிடம் அந்த நொதி குறை.
உப்புச் சுரங்கத்துப் பக்கம், லாஸ் சாலினாஸில் பிறந்தவர்.
மருத்துவச்சி துணியை விலக்கிப் பார்த்து
பெண் என்றாள்.
எவரில்டா என்று தண்ணீர் தெளித்தார்கள்.
பன்னிரண்டில் குரல் உடைந்தது, தோள் விரிந்தது,
கருவிலேயே வந்திருக்க வேண்டிய செய்தி
சுற்றி வந்து சேர்ந்தது.
அங்கே பல வீடுகளில் நடந்ததுதான்.
அதற்கு ஊர் வைத்த பெயரை அவர் சொல்வதில்லை,
நானும் இங்கே சொல்லவில்லை.
அம்மா இரண்டு பாவாடையைத் தங்கைக்குச் சுருக்கித் தைத்தாள்.
பாதிரியார் ஏட்டில்
கடைசி உயிரெழுத்தை மட்டும் அடித்துத் திருத்தினார்.

வடக்கிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள்.
ரத்தம் எடுத்தார்கள். அளந்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள்.
குறிப்பேட்டின் அடியில், கிட்டத்தட்ட மறந்துபோய்,
ஒரு வரி:
இவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை.

அந்த வரியைத்தான்
பிற்பாடு யாரோ வில்லையாக்கினார்கள்.
ராத்திரிதோறும் ஒரு மில்லிகிராம் விழுங்குகிறேன்.
போன வாரம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு
அவரிடமே சொன்னேன்:
உங்கள் குறையைத்தான் காசு கொடுத்து வாங்கித் தின்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை.
வளர்கிறதா?
விழுவது நின்றிருக்கிறது.
ம்.

கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மோவாயில் பத்துப் பன்னிரண்டு இழை,
அவற்றையும் வீட்டிலேயே பிடுங்கிவிட்டுத்தான் வருவார்.
பிறகு, தெருவில் போகிற பஸ்ஸிடம் சொல்வது போல:
எனக்கு இன்னும் யாரும் சவரம் செய்ததில்லை.

கடையில் மூன்று பேர் இருந்தார்கள்.
டோமினோ சத்தம் நின்றது.

கொதித்த துண்டை முகத்தில் போட்டேன்.
பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றி
காது வரைக்கும் நுரை கட்டினேன்.
புது பிளேடு. பின்புறம் திருப்பவில்லை,
தோலை இழுத்துப் பிடித்து
மூக்கடியில், தாடைக்கு மேல், தொண்டை மேட்டில்
இறங்கினேன்.
பிளேடில் வெறும் நுரை வந்தது.
ஒவ்வொரு இழுப்புக்கும் துடைத்தேன்,
ரோமம் ஒட்டியிருப்பதைத் துடைப்பது போலவே.
மறுபடி நுரை. எதிர்வாக்கில் இன்னொரு முறை.
ஆல்கஹால் தடவியபோது
ஸ்ஸ் என்றார். எல்லோரும் சொல்வதுதான்.

முடிவெட்டு நூற்றைம்பது பேசோ, சவரம் நூறு.
அவர் குறைக்கச் சொல்லவில்லை.
நான் குறைக்கவும் இல்லை.